தோட்டாக் கூடு அடியில் ஏன் அறுகிறது?

கேள்வி: என்னுடையது .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். ஒரே பெட்டியில் வாங்கிய பித்தளைக் கூடுகளையே திரும்பத் திரும்ப ரீலோட் செய்து (புது வெடிமருந்தும் புல்லட்டும் நிரப்பி) சுடுகிறேன். ஐந்தாவது முறை சுட்டபோது ஒரு கூடு அடிப்பக்கத்தில் சுற்றிலும் அறுந்துவிட்டது. அடிப்பாகம் மட்டும் வெளியே வந்தது, மேல்பாகம் சேம்பரில் (குழலில் தோட்டா அமரும் அறையில்) மாட்டிக்கொண்டது. அதே சுற்றில் இரண்டு கூடுகளின் கழுத்தில் நீளவாக்கில் கீறல் விழுந்தது. வெடிமருந்து அளவு கையேட்டின் உச்ச அளவுக்குக் கீழேதான். பித்தளை மட்டமானதா? மீதியை அனீல் செய்து (சூடு காட்டி இளக்கி) பயன்படுத்தலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். மீதிக் கூடுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்கும்வரை அந்தத் தொகுதியில் ஒரு தோட்டாகூடச் சேம்பருக்குள் போகக் கூடாது.

உங்களுக்கு ஒரே நாளில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் வந்திருக்கின்றன. கழுத்துக் கீறலுக்குக் காரணம் பித்தளை இறுகிப்போனது. அடி அறுந்ததற்குக் காரணம் பித்தளை இழுபட்டு மெலிந்தது. அனீலிங் முதலாவதற்குத்தான் மருந்து. இரண்டாவதற்கு அதனால் ஒரு பயனும் கிடையாது.

கழுத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டாப் பித்தளை 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம் சேர்ந்த கலவை. குளிர்ந்த நிலையில் அதை அசைக்க அசைக்க இறுகிக்கொண்டே போகும், சூடு காட்டினால்தான் மறுபடி இளகும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிகிறதே, அதே கதைதான். சுடும்போது கழுத்து விரிகிறது, டை (சுட்ட கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) அதைத் தேவைக்கும் அதிகமாக நசுக்குகிறது, டைக்குள் இருக்கும் உருண்டை திரும்பி வரும்போது மறுபடி விரிக்கிறது, புல்லட்டைச் செருகும்போது இன்னொரு முறை விரிகிறது. இப்படிச் சில சுற்றுகள் போனால் விரிந்துகொடுக்கத் தெம்பில்லாமல் பிளந்துவிடும். இதனால் பெரிய ஆபத்து வருவது அரிது. பிளந்ததைத் தூக்கிப் போடுங்கள். கூடவே, அதன் கூட்டாளிகளுக்கும் அனீலிங் தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடி அறுவதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். .308-க்கு அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தம் ஏறும்போது கூட்டின் மெல்லிய முன்சுவர் சேம்பர் சுவரோடு அப்பிக்கொள்கிறது, நகராது. கனமான அடிப்பகுதி அப்படி ஒட்டாது. சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்தில் போய் முட்டும்வரை பின்னால் தள்ளப்படுகிறது. முன்பாதி பிடித்துக்கொண்டு நிற்க, பின்பாதி நகர்கிறது என்றால், கனத்த அடியும் மெல்லிய சுவரும் சேரும் இடத்தில் உலோகம் இழுபடத்தான் செய்யும். அடியிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மேலே இருக்கும் அந்த இடத்தில்தான் உங்கள் கூடு அறுந்திருக்கும், அளந்து பாருங்கள்.

எவ்வளவு இழுபடும் என்பது, போல்ட்டை மூடிய பிறகு கூடு முன்னும் பின்னும் ஆட எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுட்டு முடித்த கூடு உங்கள் சேம்பருக்குக் கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். அதை முழுநீள டையில் போட்டுத் தோள்பட்டையை (கழுத்துக்குக் கீழே சரிந்து விரியும் பகுதியை) கீழே தள்ளும்போது அந்த இடைவெளியை நாமே திரும்ப உண்டாக்குகிறோம். அடுத்த முறை சுடும்போது அதே இடம் மறுபடி இழுபடுகிறது. இழுபட்ட உலோகம் சுவருக்குத் திரும்புவதில்லை, கழுத்துப் பக்கம் போய்ச் சேர்கிறது. கூடு நீண்டுவிட்டது என்று ட்ரிம் செய்து (வாய் விளிம்பைச் சீவி) கொட்டும் துகளில் ஒரு பங்கு அடிச்சுவரிலிருந்து வந்ததுதான். ஒவ்வொரு முறையும் ட்ரிம் செய்ய வேண்டியிருக்கிறது என்றால் அடியில் சுவர் கரைந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஆகவே பித்தளைமீது பழி போடுவதற்கு முன்னால் உங்கள் டை எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘ஷெல் ஹோல்டரை (கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் தாங்கியை) தொடும்வரை டையை இறக்கி, அப்புறம் இன்னும் கொஞ்சம் திருகு’ என்று பல டைகளோடு வரும் குறிப்பு சொல்லும். எந்த ரைஃபிளிலும் தோட்டா சிக்காமல் நுழைய வேண்டும் என்பதற்காக எழுதிய குறிப்பு அது. உங்கள் சேம்பருக்கு அது தேவைக்கு மேல் பல மடங்கு தள்ளலாக இருக்கலாம். வழக்கமான டையின் மரையில் ஒரு முழுச் சுற்று சுமார் 1.8 மில்லிமீட்டர். பத்து பாகை திருகினாலே 0.05 மில்லிமீட்டர் மாறிவிடும். ‘கொஞ்சம்’ என்ற சொல் இங்கே எவ்வளவு பெரியது என்று புரிகிறதல்லவா?

கண்ணளவு இதற்கு உதவாது. காலிப்பரில் மாட்டி, அடியிலிருந்து தோள்பட்டைவரை அளக்க உதவும் ஹெட்ஸ்பேஸ் கம்பேரேட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், ரீலோடிங் மேசையில் அதைவிட நல்ல முதலீடு இல்லை என்பது என் எண்ணம். சுட்ட கூட்டின் பிரைமரை (அடியில் செருகியிருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) கழற்றிவிட்டு, அடியிலிருந்து தோள்பட்டைவரை அளவெடுங்கள். பிரைமர் துருத்திக்கொண்டிருந்தால் அளவு பொய் சொல்லும். டையைத் தாராளமாக மேலே தூக்கிவைத்து, சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். போல்ட் ஆக்‌ஷனுக்குத் தோள்பட்டை 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் பின்வாங்கினால் போதும். செமி ஆட்டோமேட்டிக் என்றால் 0.1 வரை விடலாம், அதில் தோட்டா தடையில்லாமல் நுழைவது முக்கியம். டையைச் சரியாக வைத்த பிறகும் அறுந்தால் ரைஃபிளின் ஹெட்ஸ்பேஸையே (போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தங்கி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தையே) சந்தேகிக்க வேண்டும். துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தச் சிக்கல் .303 பிரிட்டிஷ் சுடுபவர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்தத் தோட்டாவை நிறுத்திப் பிடிப்பது அடி விளிம்பு. ராணுவ லீ என்ஃபீல்டில் போர்க்களச் சேறும் தூசியும் சிக்கக் கூடாது என்று தோள்பட்டைப் பக்கம் சேம்பரைத் தளர்வாகவே வெட்டினார்கள். போல்ட் பூட்டிக்கொள்வதும் பின்பக்கம் என்பதால் கூடு இன்னும் அதிகமாக இழுபடும். சில ரைஃபிள்களில் மூன்று நான்கு முறையிலேயே அடி அறுந்துவிடும். அடியைச் சுற்றித் தடித்த பட்டை (பெல்ட்) வைத்த மேக்னம் தோட்டாக்களுக்கும் இதே வியாதி உண்டு. மருந்தும் அதேதான்: விளிம்பையோ பெல்ட்டையோ நம்பாமல் தோள்பட்டையை வைத்து டையைப் பொருத்துவது.

இனி கூடுகளைச் சோதிக்கும் முறை. ஒரு பேப்பர் கிளிப்பை நேராக்கி, நுனியைக் கூராகத் தேய்த்து, கடைசி இரண்டு மில்லிமீட்டரைச் செங்கோணமாக மடக்குங்கள். கூட்டின் வாய் வழியாக அடிவரை விட்டு, நுனியைச் சுவரில் லேசாக அழுத்தியபடி மெதுவாக மேலே இழுங்கள். நல்ல கூட்டில் நுனி வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில் அடியிலிருந்து சற்று மேலே ஒரு பள்ளத்தில் ‘டக்’கென்று நிற்கும். விரலுக்கே தெரியும். கூட்டைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் பாருங்கள், பள்ளம் சுற்றிலும் ஒரே ஆழமாக இருக்காது. வெளியே தெரியும் பளபளப்பான வளையத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், டை நிற்கும் இடத்திலும் அப்படியொரு தடம் விழும். சந்தேகம் தீரவில்லையா? ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். வெட்டிய சுவரில் அந்தப் பள்ளம் கண்ணுக்கே தெரியும்.

கழுத்தை அனீல் செய்வதானால் கழுத்துக்கும் தோளுக்கும் மட்டுமே சூடு போக வேண்டும். அடிப்பகுதியை வேண்டுமென்றேதான் கெட்டியாகச் செய்திருக்கிறார்கள். அது இளகினால் அழுத்தத்தைத் தாங்காது, வாயு பின்னால் பீறிட்டு முகத்தை நோக்கி வரும். முழுக் கூட்டையும் அடுப்பில் வைத்துச் சூடாக்குவது ஒருபோதும் கூடாது. குறிப்பிட்ட வெப்பத்தில் நிறம் மாறும் பூச்சு கிடைக்கிறது, அதைத் தடவிக்கொண்டு செய்யுங்கள்.

சுத்தம் செய்யும் திரவத்தில் அம்மோனியா இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் சுடாமலே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும் பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல்தான் தெளிவானது. வீட்டில் பாத்திரம் துலக்கும் சில பாலிஷ்களிலும் இது உண்டு.

மாட்டிக்கொண்ட மேல்பாகத்தை எடுக்க அதற்கென்றே உடைந்த கூடு எடுக்கும் கருவி இருக்கிறது. அதை எடுக்காமல் அடுத்த தோட்டாவைத் திணித்துப் பார்க்காதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடவும் வேண்டாம்.

மீதிக் கூடுகள் எல்லாமே அதே டையில் அதே எண்ணிக்கைக்கு நசுங்கியவை. கம்பியில் ஒன்றிரண்டு மாட்டினாலே நானாக இருந்தால் முழுத் தொகுதியையும் ஒதுக்கிவிடுவேன். வாயைக் குறடால் நசுக்கிப் போட்டால் தவறி மேசைக்குத் திரும்பாது. புதுக் கூடுகள் வாங்கியதும், அவை சேம்பரைவிடச் சற்றுக் குட்டையாகவே வரும் என்பதால் முதல் முறை கொஞ்சம் இழுபடும், அதைத் தவிர்க்க முடியாது. ஒன்றிரண்டு முறை சுட்டு, அளவு நிலைத்த பிறகு அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு டையை அதற்கேற்றபடி பூட்டுங்கள்.