இரவே அவித்த பாஸ்தா மறுநாள் மதியத்துக்குத் தாங்குமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் வீட்டோடு சேர்த்து ஒரு சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறேன். சீசனில் வரும் வெளிநாட்டவர்கள் மதியத்தில் சோறு கறி வேண்டாம், குளிர்ச்சியாக ஏதாவது தாருங்கள் என்கிறார்கள். அதனால் கிரேக்க முறைப் பாஸ்தா சலட் செய்யத் தொடங்கினேன். காலையில் கைக்கு வேலை கூட என்பதால் இரவே எல்லாவற்றையும் கலந்து பிரிட்ஜில் வைக்கிறேன். மறுநாள் பாஸ்தா விறைத்து, அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. போன கிழமை சாப்பிட்ட ஒருவர் பின்னேரம் வாந்தி எடுத்தார். சாமான் கொண்டுவந்து தருபவர், "தேசிப்புளி இருக்கு, எண்ணெய் இருக்கு, ஃபெட்டாவும் உப்புச் சீஸ், ஒன்றும் நடக்காது" என்கிறார். இரவே செய்து வைக்கலாமா?

பதில்: சகோதரி, பாஸ்தாவை இரவே அவித்து வைக்கலாம். சலட்டாகக் கலந்து வைக்கக் கூடாது. சாமான்காரர் சொன்னது முழுப் பிழை. அவரிடம் பிறகு வருகிறேன், முதலில் பாஸ்தா.

மண்ணிலும் தானியங்களிலும் பசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது. கொதிக்கிற தண்ணீரிலும் அதன் வித்துகள் சாவதில்லை. அவித்த சோறோ பாஸ்தாவோ வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடும். உண்டானபின் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. மணத்திலோ நிறத்திலோ காட்டிக்கொடுக்கவும் மாட்டாது. சாப்பிட்ட அரை மணித்தியாலத்திலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி தொடங்கும். உங்கள் விருந்தினருக்கு வந்தது இதுதான் என்று நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மதியம் சாப்பிட்டுப் பின்னேரம் வாந்தி என்றால் நேரம் பொருந்துகிறது.

இதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். பெல்ஜியத்தில் 2003 ஓகஸ்ட்டில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் பாஸ்தா சலட் சாப்பிட்டு நோயில் விழுந்தார்கள். அவர்களில் ஏழு வயதுச் சிறுமி இறந்துபோனாள். வெள்ளிக்கிழமை செய்த சலட்டைச் சனிக்கிழமை வெளியே கொண்டுபோயிருக்கிறார்கள். மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து பிரிட்ஜில் வைத்துத் திங்கட்கிழமை சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த பிரிட்ஜை அளந்து பார்த்தபோது உள்ளே 14 பாகை. பெல்ஜியத்தின் நிலை அது. கச்சான் சுடுகாற்று அடிக்கும் மாதங்களில் உங்கள் குசினியில் நண்பகல் சூடு என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே பிரிட்ஜுக்குள் ஒரு வெப்பமானி வையுங்கள். 5 பாகைக்கு மேலே போகக் கூடாது. விருந்தினர்கள் தண்ணீர்ப் போத்தலுக்காக நாள் முழுக்கத் திறந்து மூடும் பிரிட்ஜில் பாஸ்தாவை வைக்காதீர்கள். இரவில் கரண்ட் போய் நெடுநேரம் கழித்து வந்திருந்தால் காலையில் தயங்காமல் கொட்டிவிடுங்கள். ஒரு விடுதியைப் பதிவு செய்ய எத்தனை படிவம், எத்தனை பிரதி, எத்தனை தடவை அலைச்சல் என்பது இந்தக் கரையில் விடுதி நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். அந்தக் கட்டுக்குள் பிரிட்ஜ் எத்தனை பாகையில் ஓடுகிறது என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்கிறவர் எங்கே? யாருக்காவது வருத்தம் வந்து முறைப்பாடு போன பிறகுதான் பரிசோதனை வருகிறது. அப்போது சட்டி கழுவிக் கவிழ்த்தாகிவிடும். எதைத்தான் பரிசோதிப்பது?

இனி ஆறவைக்கும் விதம். பாஸ்தாவைக் கழுவக் கூடாது என்று வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். சூடாகக் குழம்போடு சாப்பிடுவதற்கு அது சரி, மேலே ஒட்டிய மாப்பசைதான் குழம்பைப் பிடித்துவைக்கிறது. குளிர்ந்த சலட் மட்டும் இந்த விதிக்கு விலக்கு. இங்கே அந்தப் பசை பாஸ்தாவைக் கட்டிகட்டியாக ஒட்டவைக்கும், நடுவில் சூட்டையும் பிடித்துவைக்கும். அதனால் சலட்டுக்குக் கழுவத்தான் வேண்டும். ஆனால் எந்தத் தண்ணீரில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மொட்டைமாடித் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் பொழுது பட்ட பிறகும் சூடாகத்தான் இருக்கும், அது பாஸ்தாவை ஆற்றாது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் ஊற்றினால், இதற்குப்பின் அடுப்பே காணாத ஒரு சாப்பாட்டில் கிணற்றில் உள்ளதையெல்லாம் சேர்க்கிறீர்கள். மீனுக்கு என்று விற்கும் ஐஸ் கட்டியை உடைத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மீனைச் சுற்றி வைக்கச் செய்த ஐஸ், சாக்கில் சுற்றித் தரையில் இழுத்து வருவது, உங்கள் சட்டிக்குள் வரவே கூடாது. பகலிலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, மூடிய போத்தல்களில் பிரிட்ஜில் வையுங்கள். இரவில் பாஸ்தாவை வடித்ததும் அதை ஊற்றி அலசுங்கள். அவ்வளவு குளிர்தண்ணீர் இல்லாத இரவில் கழுவவே வேண்டாம். வடித்துத் துளி எண்ணெய் பிரட்டி, அகலமான தட்டு இரண்டில் மெல்லிதாகப் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வையுங்கள், ஆவி அடங்கியதும் பிரிட்ஜுக்குள் போகட்டும். எந்த வழியானாலும் அடுப்பிலிருந்து பிரிட்ஜுக்கு இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. ஆழமான சட்டியில் குவித்து மூடி வைத்தால் பிரிட்ஜுக்குள்ளும் நடுப்பகுதி நெடுநேரம் சூடாகவே கிடக்கும்.

விறைப்புக்குக் காரணம் குளிரில் மாப்பொருள் இறுகுவது. பாஸ்தாப் பக்கெட்டில் எழுதியிருக்கும் நேரத்தைவிட ஒரு நிமிடம் கூட அவியுங்கள். அடியில் தேங்கும் தண்ணீர் வெள்ளரியும் தக்காளியும் விட்டது. உப்புப் பட்டதும் அவை தண்ணீர் விடும், இரவு முழுக்க உப்பில் கிடந்தால் வேறென்ன நடக்கும்? காலையில் வெட்டி, விதைப்பகுதியை எடுத்து, பரிமாறுவதற்கு அரை மணித்தியாலம் முன்புதான் சேர்க்க வேண்டும்.

இப்போது அந்தச் சாமான்காரர். புளி காக்கும் என்பது ஊறுகாய்க்குச் சரி. சலட்டில் இரண்டு மேசைக்கரண்டி தேசிப்புளி பாஸ்தாவின் மேலே படும், உள்ளே போய்க் கிருமியை நிறுத்தாது. எண்ணெய் கிருமியைக் கொல்லவே கொல்லாது. ஃபெட்டா உப்புத் தண்ணீருக்குள் இருக்கும்வரைதான் உப்புச் சீஸ், உதிர்த்து ஈரப் பாஸ்தாவோடு சேர்த்தபின் மற்றப் பால் பொருளைப் போலத்தான்.

சீசன் தொடங்கியதும் நிலாவெளி வரைக்கும் விடுதி விடுதியாக வந்து "ஹோட்டல் விலைக்குத் தருகிறேன்" என்கிறவர்களிடம் கவனமாயிருங்கள். பெரிய தகரத்தை உடைத்துச் சின்னப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். காலாவதித் தேதியின் மேலே புது ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். வெயிலில் ஓட்டோவின் பின்னால் சீஸைக் கொண்டுவந்து உங்கள் வாசலில்தான் ஐஸ் பெட்டிக்கு மாற்றுகிறார்கள். சீல் உடைந்த எதையும் வாங்காதீர்கள். பில் தராதவரிடம் வாங்காதீர்கள், நாளை யாருக்காவது வருத்தம் வந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும், அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

ஃபெட்டா என்ற பெயர் 2002 முதல் ஐரோப்பாவில் கிரேக்கத்துக்கே உரிய பெயராகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. செம்மறிப்பாலில் செய்வது, வெள்ளாட்டுப்பால் 30 வீதம் வரை கலக்கலாம். பசுப்பாலில் செய்த வெள்ளைச் சீஸ் கெட்ட பொருள் அல்ல, ஆனால் அதற்கு ஃபெட்டா விலை கொடுக்காதீர்கள். ஒலிவ் எண்ணெயில் ‘பொமாஸ்’ என்று சின்ன எழுத்தில் இருந்தால், அது பிழிந்து மிஞ்சிய சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய். சலட்டில் எண்ணெயின் மணம்தான் சுவை, அதில் அந்த மணம் கிடையாது. பிரிட்ஜில் வைத்தால் உறைகிறது, அதனால் அசல் என்று உங்களுக்குச் செய்துகாட்டுவார்கள். அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. கருநிறப் போத்தலில், வெயில் படாத தட்டிலிருந்து, சின்ன அளவாக, கரைப்பான் இல்லாமல் பிழிந்தெடுத்த முதல்தரமான ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’ வாங்குங்கள். மை போல ஒரே கறுப்பில் இருக்கும் தகர ஒலிவ் பெரும்பாலும் பழுக்காத காயைக் காரத்தில் போட்டுக் கறுக்கவைத்து, இரும்பு உப்புச் சேர்த்து நிறத்தை நிறுத்தியது. சாப்பிட ஆபத்தில்லை, உப்பைத் தவிர வேறு சுவையும் இல்லை. கலமாட்டா என்ற கிரேக்க ஒலிவ் என்றால் ஊதாக் கபில நிறத்தில், வாதுமை போலக் கூரிய வடிவில் இருக்கும்.

விலை கட்டுப்படியாகாவிட்டால் ஃபெட்டாவை விட்டுவிடலாம், பெயரை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் உங்களுக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. சுத்தமான துணியில் கட்டி, அடியில் கோப்பை வைத்து, பிரிட்ஜுக்குள்ளேயே ஓர் இரவு வடியவிடுங்கள். காலையில் உப்புச் சேர்த்துப் பிசைந்தால் புளிப்பும் கொழுப்பும் உள்ள கட்டித் தயிர் கிடைக்கும். ஃபெட்டா மாதிரி உதிராது, சலட்டின் மேலே கரண்டி கரண்டியாக வைக்கலாம். விருந்தினரிடம் எருமைத் தயிர் என்றே சொல்லுங்கள், விரும்பிச் சாப்பிடுவார்கள்.

நாலு பேருக்கு அளவு: சுருள் பாஸ்தா 300 கிராம், அவிக்க 3 லீற்றர் தண்ணீர், 30 கிராம் உப்பு. வெள்ளரி ஒன்று, கெட்டியான தக்காளி மூன்று, கறிமிளகாய் இரண்டு, பம்பாய் வெங்காயம் பாதி, ஒலிவ் ஒரு கைப்பிடி, ஃபெட்டா 150 கிராம். ஒலிவ் எண்ணெய் ஆறு மேசைக்கரண்டிக்குத் தேசிப்புளி இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த ஓரிகானோ ஒரு தேக்கரண்டி. ஓரிகானோ கிடைக்காத நாளில் ஒரு கற்பூரவள்ளி இலையைப் பொடியாக அரிந்து போடுங்கள், ஒன்றுக்கு மேல் போட்டால் கஷாய மணம் வந்துவிடும். உள்ளி போடுவதானால் அன்றன்றே நசித்துப் போடுங்கள், எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்க வேண்டாம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேர்ப்பது போதும்.

மேசைக்குப் பெரிய கோப்பையில் கொண்டுபோகாமல் ஆளுக்கொரு தட்டாகப் பரிமாறுங்கள், மீதி பிரிட்ஜிலேயே இருக்கட்டும். வெயில் 32 பாகையைத் தாண்டும் நாளில் வெளியே வைத்த சலட்டுக்கு ஒரு மணித்தியாலம்தான் ஆயுள். அதன்பின் மிஞ்சியதைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள், இரவுக்குப் பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள். வாசலில் நிற்கும் நாய்க்கும் போட வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் அதற்கு ஆகாது.