அக்டோபர் மாதப் பணத்தை எங்கே செலவிடுவது?

அன்புள்ள அக்கா,

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வருடா வருடம் அக்டோபரில் எங்கள் அலுவலகத்தில் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் நடத்துவோம். பிங்க் டி-ஷர்ட், பலூன், பெசன்ட் நகர் கடற்கரையில் காலை நடை, ஒரு டாக்டரின் அரைமணி நேரப் பேச்சு. இந்த வருடம் ஏற்பாட்டுக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். போன வாரம் அலங்காரம் செய்துகொண்டிருந்தபோது எங்கள் தளத்தைச் சுத்தம் செய்யும் அக்கா, "இது எதுக்கும்மா?" என்று கேட்டார். சொன்னேன். "எங்க அண்ணிக்கும் மார்லதான் கட்டி. மூணு தடவை மருந்து ஏத்துனாங்க. அப்புறம் கூட்டிட்டுப் போக ஆள் இல்ல, விட்டுட்டோம்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அந்த வேலையில் கையே ஓடவில்லை. நாங்கள் செய்வதெல்லாம் வெறும் வேடிக்கைதானா? குழுவிலிருந்து விலகிவிடலாமா என்று தோன்றுகிறது. ஆனால் எங்களிடம் பணம் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். எதைச் செய்தால் உபயோகமாக இருக்கும்?

கே.

அன்புள்ள கே.,

விலகாதீர்கள். உங்களுக்குக் கேட்ட அந்த வாக்கியம் குழுவில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. நீங்கள் விலகினால் அதுவும் உங்களோடு வெளியே போய்விடும்.

முதலில் அந்த அண்ணியின் விஷயம். மற்றதெல்லாம் அப்புறம். நாளைக்கே அந்த அக்காவிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஆஸ்பத்திரி, கடைசியாக எப்போது மருந்து ஏற்றினார்கள், ஃபைல் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். நடுவில் நிறுத்திவிட்டவர்கள் திரும்பிப் போகாததற்கு ஒரு பெரிய காரணம் பயம். "ஏன் இத்தனை நாள் வரல" என்று எல்லார் முன்னாலும் திட்டுவார்கள் என்ற பயம். சில இடங்களில் திட்டத்தான் செய்கிறார்கள். ஆனாலும் திருப்பி அனுப்புவதில்லை. மறுபடி பரிசோதித்துப் பார்த்து, எங்கிருந்து தொடங்குவது என்று டாக்டர் முடிவு செய்வார். பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார், நேராக அவரிடம் போகலாம். முதல்வரின் காப்பீட்டு அட்டை அவர்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை பெறலாம். அட்டை இல்லாவிட்டால் வருமானச் சான்று வாங்கி விண்ணப்பிக்க வேண்டும். அந்த அலைச்சலுக்கு உங்கள் குழுவிலிருந்து ஒருவர் கூடப் போனாலே பெரிய உதவி.

கூட்டிப் போக ஆள் இல்லை என்று அந்த அக்கா சொன்னதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். கீமோ, அதாவது அவர் சொன்ன மருந்து ஏற்றுவது, பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஆறு தடவை, எட்டு தடவை என்று போகும். ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் ரத்தம் பார்ப்பார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் அன்றைக்கு மருந்து ஏற்ற மாட்டார்கள், "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அதிகாலையில் கிளம்பி, ஓபி சீட்டு வாங்கி, மதியம் வரை காத்திருந்து, ஒன்றும் நடக்காமல் திரும்பும் நாள் அது. கூடப் போனவருக்கு அன்றைய கூலி போயிற்று. மருந்து ஏற்றிய நாளிலோ வாந்தி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான், ஆனால் குமட்டிக்கொண்டு வரும் ஒருத்தி அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு எப்படி வர முடியும்? ஆட்டோ பிடிக்க வேண்டும். தினக்கூலி வாங்கும் மகனோ தம்பியோ மூன்று தடவை வருவான். நாலாவது தடவை, "இந்த வாரம் முடியாதும்மா" என்பான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

அப்புறம் கரண்ட் வைப்பது. கதிர்வீச்சை நம் ஜனங்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், மூன்றிலிருந்து ஐந்து வாரம் வரை. மெஷினுக்கு அடியில் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களுக்காகத் தினமும் போக வேண்டும். என் சொந்தக்காரப் பெண் ஒருவருக்குத் துணையாக அப்படி ஒரு வராந்தாவில் நான் நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாப் பெண்களும் முன்னால் பட்டன் வைத்த நைட்டிதான், மேலே ஒரு துண்டு. நெஞ்சில் ஊதா மையில் கோடு போட்டிருப்பார்கள். எந்த இடத்தில் கதிர் விழ வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. அது அழியக் கூடாது என்பதால் சோப்புப் போட்டுத் தேய்க்க முடியாது. வேர்வையில் கலைந்துவிடுமோ என்று ஒரு பெண் நொடிக்கொரு தரம் துண்டை விலக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. தினமும் ஊருக்குப் போய்வர முடியாது, சென்னையில் தங்க இடமும் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு வீட்டுத் திண்ணையில் ராத்திரி படுத்துக்கொள்ள விடுகிறார்கள் என்றார். அவருக்கு இந்த நோயைப் பற்றி என்ன விழிப்புணர்வு பாக்கி இருந்தது? நோய் என்ன என்று தெரியும், எங்கே போக வேண்டும் என்று தெரியும், வந்தும்விட்டார். அவருக்குத் தேவைப்பட்டது மூன்று வாரம் படுக்க ஓர் இடமும் மூன்று வேளைச் சாப்பாடும்.

உங்களுக்கு என் பதில் இதுதான். கட்டியைக் கண்டுபிடித்த நாளுக்கும் சிகிச்சை முடியும் நாளுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் நம் பெண்களைப் பறிகொடுக்கிறோம். உங்கள் பணமும் ஆட்களும் போக வேண்டிய இடம் அது.

இந்த மாதம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1985இல் அமெரிக்காவில் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் ஒரு மருந்து நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. இந்த நோய்க்கு இன்றைக்கும் கொடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரையைத் தயாரித்த நிறுவனம் அது. பிங்க் ரிப்பன் 1992இல் வந்தது. அங்கே மேமோகிராமுக்கு, அதாவது மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, பெண்களை வரவழைப்பது நோக்கமாக இருந்தது. இங்கே அதை அப்படியே எடுத்து ஒட்டும்போது சில விஷயங்கள் பொருந்துவதில்லை. உங்கள் ஊழியர்களில் பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பார்கள். அந்த வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் தெளிவாகத் தெரிவது குறைவு. குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தால் டாக்டரைப் பார்த்து அவர் சொல்வதைச் செய்யட்டும். மற்றபடி எல்லாருக்கும் மேமோகிராம் தள்ளுபடிக் கூப்பன் கொடுப்பதில் லேபுக்குத்தான் லாபம்.

சரி, எது பலன் தரும்? ஷாங்காயில் ஜவுளி ஆலைப் பெண்கள் சுமார் 2,66,000 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்குத் தங்கள் மார்பைத் தாங்களே மாதாமாதம் தடவிப் பார்க்க முறையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். 2002இல் வந்த முடிவு: அதனால் இறப்பு குறையவில்லை. புற்றுநோய் இல்லாத கட்டிகளுக்கு ஊசியும் கத்தியும் பட்டதுதான் கூடியது. அதே சமயம் மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி இருபது ஆண்டு நடத்திய ஆய்வு எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது. குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள். பாதிப் பேரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையால் பரிசோதித்தார்கள். மெஷின் கிடையாது. 2021இல் முடிவு வெளியானது. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை. ஆனால் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. கட்டி ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டதும் கூடியது. நன்றாகப் பழகிய ஒரு பெண்ணின் கையால் இவ்வளவு முடிகிறது!

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம், கூடவே கருப்பை வாய்ப் பரிசோதனையும். உங்கள் கேன்டீனில் சமைக்கும் பெண்கள், துப்புரவுப் பணியாளர்கள், வாசலில் நிற்கும் பெண் காவலாளிகள் எல்லாரையும் அக்டோபரில் ஒரு நாள், சம்பளம் பிடிக்காமல், பக்கத்தில் இருக்கும் நிலையத்துக்கு அனுப்புங்கள். முன்கூட்டியே போய் நர்ஸிடம் பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்காவது மேலே பார்க்க வேண்டும் என்று சொன்னால், ஸ்கேன், சதை எடுக்கும் டெஸ்ட், ரிசல்ட் வரை அவரோடு போக ஒருவர் பெயரை அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள். அந்தப் பெயர் இல்லாத முகாமை நடத்தவே வேண்டாம். ஒரு பெண்ணிடம் "சந்தேகமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு அனுப்புவது கொடுமை.

டாக்டரின் அரைமணி நேரப் பேச்சை வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிவிவரப் படங்கள் வேண்டாம், மூன்று விஷயம் மட்டும் பேசச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. "வலி இல்லையே, என்ன பெரிசா" என்றுதான் மாதக்கணக்கில் விடுகிறார்கள். மகள் கல்யாணம் முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். அடுத்தது, மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை என்பது. பயத்தில் போகாமலிருப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும். கடைசியாக, "ஊசி குத்தினால், கத்தி வைத்தால் பரவிவிடும்" என்ற பேச்சு. அது உண்மையில்லை என்று டாக்டர் வாயால் ஒருமுறை கேட்பது முக்கியம். நாட்டு மருந்துக்குப் போய் ஆறு மாதம் வீணாக்கியவர்களில் பலரை அங்கே அனுப்பியது இந்தப் பேச்சுதான். ஆண்களையும் உட்கார வையுங்கள். ஆண்களுக்கும் இது வருகிறது, இந்த நோய் வந்த நூறு பேரில் ஒருவர் போல ஆண். தவிர, டாக்டரிடம் எப்போது போவது என்பதைப் பல வீடுகளில் அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

இனி பணம். டி-ஷர்ட்டுக்கு ஒதுக்கியதை முதலில் இந்தப் பக்கம் திருப்புங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். பெண்கள் கூடி நன்கொடை திரட்டிக் கட்டிய இடம் அது. நாம் இன்றைக்குக் கொடுப்பதும் அந்த வழியில்தான். அங்கே கொடுக்கலாம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, உங்கள் அலுவலகத்திலிருந்து கார் போகும் தூரம்தான். அங்கே வரும் வெளியூர்க்காரர்களுக்கு என்ன குறை என்று நேரில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். நீங்களாகவே முடிவு செய்து பழக்கூடையோடு போய் நிற்க வேண்டாம். போட்டோ எடுக்கவும் வேண்டாம். தலைமுடி உதிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தன் முகம் யாருடைய போனில் போகிறது என்று தெரியாது.

பெரும்பாலும் அவர்கள் கேட்பது சின்னச் சின்ன விஷயங்களாக இருக்கும். மூன்று வாரத்துக்கு ஓர் அறை வாடகை, ஆட்டோக் காசு, முட்டை. மார்பை எடுத்துவிட்ட பெண்களுக்கு உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளப் பருத்தி நூலில் பின்னிய பஞ்சு மார்பு. கடையில் விற்கும் சிலிகான் விலை அதிகம், வெயிலில் வேர்க்கவும் செய்யும். உங்கள் அலுவலகத்தில் குரோஷா பின்னத் தெரிந்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள். ரயிலில் வருபவர்களுக்கு இன்னொன்று சொல்லுங்கள்: சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே கிடையாது, துணைக்கு வருபவருக்கும் பெரும்பகுதி தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். இது தெரியாமல் முழுக் காசு கொடுத்து வருகிறவர்கள் நிறைய. ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து வராந்தாவில் ஒட்ட ஆஸ்பத்திரியில் அனுமதி கேளுங்கள்.

கடற்கரை நடையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நோயிலிருந்து மீண்டவர்கள் வந்து நடப்பார்கள் என்றால் அது அவர்களுக்குப் பெரிய தெம்பு. ஆனால் உங்கள் நிர்வாகத்திடம் வாதாட உங்களுக்கு ஒரே ஒரு சக்திதான் இருக்கிறது என்றால் அதை லீவுக்குச் செலவிடுங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு கீமோ நடக்கும்போது கூடப் போவதற்கு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு நாள், சம்பளத்தோடு லீவு. ரத்தம் பார்க்க ஒரு நாள், மருந்து ஏற்ற ஒரு நாள். கதிர்வீச்சு நடக்கும் வாரங்களில் ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் வசதி. மனிதவளத் துறையினர் உடனே ஒத்துக்கொள்ளக்கூடும், ஏனென்றால் உங்கள் மாதிரி நிரந்தர ஊழியர்களுக்கு ஏற்கெனவே லீவு இருக்கும். துப்புரவு, கேன்டீன், காவல் வேலை செய்பவர்கள் எல்லாம் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள், அவர்கள் எங்கள் கணக்கில் இல்லை என்பார்கள். அங்கேதான் நீங்கள் விடாமல் நிற்க வேண்டும். கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது இந்த லீவையும் அதற்கான தொகையையும் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த புதுப்பிப்பு எந்த மாதம் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபருக்குப் பிறகு என்றால், குழுவை அதுவரை கலைக்க வேண்டாம்.