வெட்டிப் பேச்சு: வாசகர் கேள்வியும் எடிட்டர் பதிலும்

போன இதழ்ல 'பிடிச்ச படத்தை நாமளே எடுத்து திருப்பி எடிட் பண்ணிப் பாக்கறது நல்ல பயிற்சி'ன்னு போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அதுக்கு வந்த வாட்ஸப்பும் கடுதாசியும் இருக்குதே, வேற கேள்வி எதையும் எடுக்க முடியல, அதனால இந்த வாட்டி பூராவும் இதே பழமைதான்.

ஏனுங்ணா, நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில கட்டிங் செக்சன்ல இருக்கறனுங்க. ஹாபிட் படம் மூணையும் ஒரே படமாக்கோணும்னு மூணு மாசம் ராத்திரி ராத்திரியா உக்காந்து 474 நிமிஷத்தை 180 நிமிஷத்துக்குக் கொண்டாந்துட்டேன். போட்டுக் காமிச்சா மச்சான் 'ஒரிஜினலே தேவலைடா, இது இன்னும் இழுவையா இருக்குது'ங்கறான். நீளம் பாதிக்கு மேல கொறைஞ்சும் எப்புடிங்ணா இழுக்கும்?
– பேர் வேண்டாம், திருப்பூர்

தம்பி, நீங்க கேள்வியோட அனுப்புன வெட்டு லிஸ்ட்டை ரெண்டு தடவை படிச்சேன். உங்க மச்சான் சொன்னது சரிதானுங்க, கோவிச்சுக்காதீங்க.

படம் பாக்காதவங்களுக்கு ஒரு வரி: பில்போங்கற சின்ன மனுசன், டிராகன் புடிச்சு வெச்சிருக்கற மலையையும் தங்கத்தையும் மீட்கக் குள்ளருங்ககூடக் கெளம்பறதுதான் கதை. உங்க லிஸ்ட்டுல பில்போ ஊட்டுல குள்ளருங்க ராத்திரி நெருப்புப் பக்கத்துல உக்காந்து தாழ்ந்த குரல்ல பாடற பாட்டு, போச்சு. இருட்டுக் குகைக்குள்ள பில்போவும் கோல்லம்ங்கற குகைப் பிராணியும் விடுகதை போடற சீன், பாதி போச்சு. ஆனா பீப்பாய்ல ஆத்துல மெதந்துட்டே போடற சண்டை ஒரு துண்டைத் தவிர முழுசா இருக்குது, மலைக்குள்ள டிராகனைத் தங்கம் உருக்கி ஊத்தி முடிக்கப் பாக்கற துரத்தலும் முழுசா இருக்குது. பேசற சீனெல்லாம் ஸ்லோ, ஓடற சீனெல்லாம் ஃபாஸ்ட்னு வெச்சுட்டு கத்தரியை எடுத்திருக்கறீங்க, புதுசா எடிட் பண்ற எல்லாருமே பண்றதுதான், நானும் பண்ணுனேன்.

இழுவைங்கறது நிமிஷக் கணக்கு இல்லீங்க. அடுத்து என்ன ஆகும்ங்கற தவிப்பு அந்துபோன எடத்துல இருந்து இழுவை ஆரம்பிக்குது. விடுகதை சீன்ல ரெண்டு பேரு உக்காந்துதான் பேசறாங்க, ஆனா தோத்தா கோல்லம் தின்னு போடுவான், அதனால ஒவ்வொரு விடுகதைக்கும் நமக்கு அடிவயித்துல பிசையுது. பீப்பாய்ச் சண்டைல அம்பு பறக்குது, தலை உருளுது, ஆனா நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ரெண்டாவது நிமிஷத்துலயே தெரிஞ்சு போகுது. அத்தனைக்கும் டோல்கீன் 1937-ல எழுதுன புத்தகத்துல அங்க சண்டையே கெடையாதுங்க, குள்ளருங்களைப் பீப்பாய்க்குள்ள வெச்சு மூடி ஆத்துல உட்டுடறான் பில்போ, அவன் மட்டும் மேல தொத்திக்கிட்டு நனைஞ்சுட்டே போறான், அம்புட்டுத்தான். புத்தகம் ஒண்ணே ஒண்ணு, அதுவும் கொழந்தைங்களுக்கு எழுதுனது. படத்தை மொதல்ல ரெண்டு பாகம்னுதான் சொல்லிட்டிருந்தாங்க, 2012 ஜூலைலதான் மூணுன்னு அறிவிச்சாங்க. ரெண்டு மீட்டர் துணில மூணு சட்டை தைக்கோணும்னா என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லோணுமா, ஒட்டுத்துணிதான்.

அந்த ஒட்டுத்துணி எது எதுன்னு கண்டுபிடிக்கறதுதான் உங்க வேலை. இது ஆரோட கதைன்னு ஒரு பேப்பர்ல பெருசா எழுதி மானிட்டருக்கு மேல ஒட்டுங்க. பில்போ கதை. அப்ப பில்போ இல்லாத ஒவ்வொரு சீனும் 'நான் எதுக்கு இங்க இருக்கறேன்'னு பதில் சொல்லோணும். மந்திரவாதி கேண்டால்ஃப் தனியாப் போய் டோல் குல்டூர் கோட்டைல மாட்டிக்கறது பதில் சொல்லாது, தூக்குங்க. புத்தகத்துலயும் அந்த ஆளு காட்டு ஓரத்துல உட்டுட்டுப் போறவரு கடைசில போர் நேரத்துக்குத்தான் வந்து நிப்பாரு, எங்க போனாருன்னு பின்னால ஒரு பேச்சுல தெரியும், படிச்சவங்க ஆரும் அதுக்காக ஏங்கல. வயசான பில்போவும் ஃப்ரோடோவும் வர்ற மொத சீனும் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படம் மூணையும் பாத்தவங்களுக்கு வெச்ச ஒறம்பரைப் பலகாரம், எடுத்தா பசி ஒண்ணும் கூடாது.

இனித்தான் சிக்கல். டாரியல்னு எல்ஃப்ங்கற காட்டு இனத்துப் பொண்ணு ஒருத்தி, புத்தகத்துல இல்லாதவ, அவளுக்கும் கீலிங்கற குள்ளனுக்கும் லவ்வு. எல்லாரும் முதல்ல கை வெக்கறது அங்கதான், நீங்களும் ஒரே வெட்டுல தூக்கிட்டீங்க. ஆனா பாருங்க, கீலிக்குக் கால்ல விஷ அம்பு படறது அந்தப் பீப்பாய்ச் சண்டைல. அந்தக் காயத்தாலதான் அவன் ஏரி ஊர்ல தங்கறான், அவன்கூட அண்ணன் ஃபீலி, ஓயின், குடிச்சுட்டுத் தூங்கிப்போன போஃபுர்னு நாலு பேரு பின்தங்கறாங்க. நீங்க அம்பையும் சேத்து வெட்டிட்டீங்க, அதனால மலைக்குப் போறப்ப நாலு பேரு திடீர்னு காணோம், ஊர் எரியறப்ப திடீர்னு படகுல இருக்காங்க. உங்க மச்சான் அந்த எடத்துல கதையை உட்டுட்டு 'இவன் எப்ப இங்க வந்தான்'னு யோசிச்சிருப்பான் பாருங்க, அந்த அரை நிமிஷக் கொழப்பம் பத்து நிமிஷச் சண்டையை விட நீளம். பாவுல ஒரு இழை அந்தா தறி நிக்குமே, அது மாதிரி. அதனால அம்பை வெச்சுக்குங்க, காய்ச்சலை வெச்சுக்குங்க, டாரியலை மூலிகை அரைச்சு வைத்தியம் பாக்கற ஆளா மட்டும் வெச்சுக்குங்க. கீலி அடைஞ்சு கெடக்கற ஜெயிலுக்கு வெளிய நின்னு நட்சத்திரம் பேசறதை எடுத்துருங்க. பீப்பாய்ச் சண்டைல அம்பு படற வரைக்கும் தேவையானது ரெண்டு நிமிஷம் இருந்தாப் போதும்.

இன்னொண்ணு, இது உங்களுக்கு சும்மாவே கெடைக்கற லாபம். டிராகன் ஊரை எரிக்கக் கெளம்பறது ரெண்டாம் படத்துக் கடைசி, அது சாகறது மூணாம் படத்து ஆரம்பம். தியேட்டர்ல பாத்தவங்க நடுவுல ஒரு வருஷம் காத்திருந்தாங்க. நீங்க ரெண்டையும் ஒட்டவெச்சாலே அந்த எடம் தன்னால வேகம் புடிச்சுக்கும், ஒரு ஃப்ரேம் கூட வெட்ட வேண்டியதில்லை.

180 நிமிஷம்ங்கற கணக்கை மறந்துருங்க. நாலு மணி நேரம் வந்தா வரட்டும். பாட்டைத் திருப்பி வெய்யுங்க, விடுகதையை முழுசா வெய்யுங்க, அப்பறம் மச்சானைக் கூப்புடுங்க.

வெட்டுன எடத்துல எல்லாம் மியூசிக் டக்குனு குதிக்குது. சத்தத்தை மெல்லக் கொறைச்சு ஃபேட் போட்டா இன்னும் அசிங்கமா இருக்குது. என்ன பண்றது?
– கல்லூரி மாணவி, கரூர்

கண்ணு, வெட்டைக் காட்டிக் குடுக்கறது படம் இல்ல, சத்தம். கண்ணு மன்னிச்சுரும், காது மன்னிக்காது. டிஸ்க்ல 5.1 சத்தம் இருந்தா அதை ஆறு தனி டிராக்கா பிரிச்சுப் போடு, நடு ஸ்பீக்கருக்குப் போற டிராக்ல பெரும்பாலும் வசனம்தான் இருக்கும், மத்ததுல மியூசிக்கும் சூழல் சத்தமும் இருக்கும். வெட்டற எடத்துல நடு டிராக்கை மட்டும் வெச்சுட்டு மத்ததை எறக்கிட்டு, அந்தப் படத்தோட இசை ஆல்பத்துல இருந்து பொருத்தமான துண்டை எடுத்து அடில ஓட்டு, ரெண்டு சீனுக்கும் பாலம் மாதிரி நிக்கும். நடு டிராக்ல லேசா மியூசிக் கசிஞ்சிருக்கும், அதுக்கு மேல காத்துச் சத்தமோ தண்ணிச் சத்தமோ போட்டு மூடோணும். அப்பறம் சத்தத்தையும் படத்தையும் ஒரே எடத்துல வெட்டாத. அடுத்த சீனோட சத்தத்தை அரை செகண்டு முன்னாடியே உள்ள உட்டுட்டு அப்பறம் படத்தை மாத்து, எங்க ஆளுங்க இதை ஜே-கட்னு சொல்லுவோம், டைம்லைன்ல பாத்தா இங்கிலீஷ் J எழுத்து மாதிரியே இருக்கும். செகண்டுக்கு 24 ஃப்ரேம்னா 12 ஃப்ரேம் முன்னால. ஃபேட் வேண்டாம், அது தப்பு பண்ணுனவன் முகத்துல துண்டைப் போட்டுக்கறது மாதிரி.

8 ஜிபி லேப்டாப்தான் இருக்குது, போதுமா?
– தாராபுரத்துல இருந்து ஒருத்தர்

போதும். கேடென்லைவ்னு ஒரு எடிட்டிங் சாஃப்ட்வேர் இலவசம், லேசு. டாவின்சி ரிசால்வும் இலவசந்தான், ஆனா 8 ஜிபில அது தெணறும். ப்ராக்ஸி போட்டுக்குங்க, அதாவது படத்துக்கு ஒரு சின்ன நகல் எடுத்து அதுல வேலை செஞ்சுட்டு கடைசில பெருசை மாட்டறது. ஃபேன் எடிட்டுக்கு, அதாவது ரசிகரே படத்தைத் திருப்பி வெட்டறதுக்கு, பேர் வாங்கிக் குடுத்ததே 1999-ல வந்த ஸ்டார் வார்ஸ் மொத எபிசோடை ஒருத்தர் சுமார் இருபது நிமிஷம் கொறைச்ச வேலைதான், அது மொதல்ல விஹெச்எஸ் கேசட்ல கை மாறுச்சு, உங்ககிட்ட அதை விட நல்ல சாமான் இருக்குது.

இதெல்லாம் திருட்டு இல்லீங்களா? ஒருத்தர் எடுத்த படத்துல நாம கை வெக்கலாமா? எடிட் பண்ணுனதை நெட்ல போட்டா போலீஸ் வருமா?
– ஆடிட்டர் ஆபீஸ் ஊழியர், ஈரோடு

ரெண்டு கேள்வியை ஒண்ணாக் கட்டிட்டீங்க. கை வெக்கலாமான்னா, அண்ணன்மார் கதையை நம்ம பக்கம் உடுக்கை அடிச்சுப் பாடறவங்க பல ராத்திரி பாடுவாங்க, எங்க ஊர்ப் பாட்டுக்காரரு ஒருத்தரு, பொன்னர் சங்கர் படுகளத்துல விழற கட்டம் வந்துச்சுன்னா சனம் தேம்பறதைப் பாத்துட்டு விடிய விடிய இழுப்பாரு, கொட்டாவி உட்டா தாமரை கல்யாணத்தை நாலு அடில முடிச்சுட்டு அக்கட்டால தாவிருவாரு. எங்களுக்கு எடிட்டிங் வாத்தியாரே அவருதான். அதனால மனசாட்சிக்குப் பயப்படாதீங்க.

சட்டம் வேற. நம்ம காப்புரிமைச் சட்டம் 1957-ஐப் பொறுத்த வரைக்கும் சினிமாவுக்கு ஆசிரியர்னா அது டைரக்டர் இல்லீங்க, தயாரிப்பாளர், நெறைய பேருக்கு இது தெரியாது. 2025 ஆகஸ்ட்ல தனுஷ் நடிச்ச அம்பிகாபதி படத்தோட கிளைமாக்ஸை ஏஐ வெச்சு மாத்தி, செத்த ஹீரோவைப் பொழைக்க வெச்சு திருப்பி ரிலீஸ் பண்ணுனாங்களே, டைரக்டரும் தனுஷும் எதுத்தாங்க, ஆனாலும் தியேட்டர்ல ஓடுச்சு. கையில உரிமை இருக்கறவங்க பண்ணுன ஃபேன் எடிட்னு வேணா அதைச் சொல்லலாம், ரசிகன் பாசம் மட்டும் அதுல இல்ல. உங்ககிட்ட உரிமை இல்ல. 52-வது பிரிவு சொந்த உபயோகத்துக்கும் விமர்சனத்துக்கும் கொஞ்சம் எடம் குடுக்குது, நெட்ல முழுப் படத்தை ஏத்தறது அதுக்குள்ள வராது. டிஸ்க்கோட பூட்டை உடைக்கறதுக்கும் 2012-ல 65-ஏன்னு ஒரு பிரிவு சேத்திருக்காங்க, உரிமையை மீறோணும்ங்கற நோக்கத்தோட உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். காசு குடுத்து டிஸ்க் வாங்குங்க, ஊட்டுல பாருங்க, கூட்டாளிக்குக் காட்டோணும்னா எந்த நிமிஷத்துல இருந்து எந்த நிமிஷம் வரைக்கும் எடுத்தேன்னு லிஸ்ட்டை மட்டும் குடுங்க. எதையும் விக்காதீங்க.

எங்க காலத்துல டூரிங் டாக்கீஸ் ஆப்பரேட்டரே பாட்டை வெட்டிப்போட்டு கடைசி பஸ்ஸுக்கு ஆளுங்களை அனுப்புவாரு. நீங்க என்னமோ புதுசு மாதிரி எழுதறீங்களே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், சேலம்

ஐயா, ஒத்துக்கறேன். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்த ஊர்க்காரருகிட்ட நான் வாய் குடுக்கக்கூடாதுங்க. 1956-லயே அலிபாபாவை கலர்ல எடுத்து மாயாஜாலம் காட்டுன ஊர் அது. 35 எம்எம்ல ஆயிரம் அடி ரீல் ஒண்ணு பதினோரு நிமிஷம் ஓடும், ஆப்பரேட்டர் ஒரு ரீலைத் தாண்டி மாட்டுனாருன்னா கல்யாணமே ஆகாம கொழந்தை பொறந்திரும். பாகுபலி ரெண்டு பாகத்தையும் சேத்து 2025 அக்டோபர் கடைசில ராஜமௌலியே மூணே முக்கால் மணி நேரப் படமா உட்டாரே, அவராச்சும் தான் எடுத்ததைத் தானே வெட்டுனாரு.

எம் பையன் இன்ஜினியரிங் படிக்கறான், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இங்கிலீஷ் படத்தை வெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கறான். இது சோறு போடுமாங்க?
– ஒரு அம்மா, கோபி

அம்மணி, படத்தை வெட்டறது சோறு போடாது, வெட்டத் தெரிஞ்சா போடலாம். வால்டர் மர்ச்னு பெரிய எடிட்டர் ஒருத்தரு, எங்க வெட்டறதுன்னு ஆறு காரணத்துக்கு மார்க் போட்டு வெச்சிருக்காரு, உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்குப் பத்துதான். நானு அது தெரியாம ஆரம்பத்துல கோயமுத்தூர்ல ஒரு கல்யாண வீடியோல 'வேகமா இருக்கோணும்'னு இணைச்சீரை, அதாவது மாப்பிள்ளையும் கூடப்பொறந்தவளும் சேந்து செய்யற சீரை, பாதியாக் கொறைச்சுட்டேன். மாப்பிள்ளைக்கு அது ஒரு சடங்கு, கூடப்பொறந்த அக்காளுக்கு அன்னைக்குக் கல்யாணமே அதுதான். அந்தப் புள்ள ஸ்டுடியோவுக்கு வந்து ஒரு வார்த்தை திட்டல, டிவிடியை மேசை மேல வெச்சுட்டு 'நான் எங்கீங்ணா?'ன்னு கேட்டுட்டு நின்னுச்சு.

உங்க ஒறம்பரைல ஏதாச்சும் காதுகுத்து வீடியோ நாலு மணி நேரம் கெடக்கும், அதை அவன்கிட்டக் குடுத்து இருபது நிமிஷமாக்கச் சொல்லுங்க. நோம்பிக்கு எல்லாரும் வந்திருக்கறப்ப டிவில போட்டுட்டு, நீங்க தாய்மாமன் மூஞ்சியை மட்டும் பாருங்க.