நின்றுகொண்டே வரைய ஒரு வாட்டர்கலர் கிட்: எதை எடுப்பது, எதை வீட்டில் விடுவது?

கேள்வி: பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் தோள்பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி சின்னதாக ஒரு வாட்டர்கலர் ஸ்கெட்ச்சிங் கிட் சேர்க்க வேண்டும். 24 கலர் பெட்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் என்னென்ன வாங்கணும்?

பதில்:

முதலில் அந்த 24 கலர் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து வரையலாம். பூக்கடைச் சந்திலோ எழும்பூர் ஸ்டேஷன் வாசலிலோ நின்றுதான் வரையணும். அப்போது பேப்பர், கலர், தண்ணீர் மூன்றையும் இடது கை தாங்க வேண்டும். வலது கையில் பிரஷ் மட்டும். இடது கையில் இருக்கிற ஒரே அட்டையோடு ஒட்டி நிற்காத எந்தச் சாமானும் கிட்டில் சேரக் கூடாது. இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் அளவு தானாகவே சுருங்கிவிடும்.

பெட்டி

கடையில் வெற்று மெட்டல் பெட்டிகள் விற்கிறார்கள். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் தகர ஜாமெட்ரி பாக்ஸே இதற்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். கலர் நிரப்புகிற ஹாஃப் பான் என்கிற சின்னக் கிண்ணம் ஏறத்தாழ 19 மி.மீ. நீளம், 16 மி.மீ. அகலம், 10 மி.மீ. உயரம். 15 செ.மீ. ஸ்கேல் அடங்குகிற பெட்டியில் ஒரே வரிசையாக 9 பான் (9 × 16 = 144 மி.மீ.) உட்காரும். மிச்ச அகலத்தில் பென்சிலும் குட்டை பிரஷும் படுத்துக்கொள்ளும்.

வாங்கப் போகும்போது ஒரு காந்தத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒட்டினால் இரும்புத் தகரம். ஒட்டாவிட்டால் அலுமினியம், வேண்டாம். பான்களைப் பெட்டிக்குள் நிறுத்தி வைக்கப்போவது காந்தம்தான். கடைக்காரர்கள் ஃபிரிட்ஜில் ஒட்டச் சொல்லி விளம்பரமாகக் கொடுக்கும் தட்டைக் காந்தத்தை 15 × 18 மி.மீ. துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு பானின் அடியிலும் ஃபெவிக்விக்கால் ஒட்டுங்கள். காந்தப் பக்கம் கீழே, படம் அச்சடித்த பக்கம் மேலே. மாற்றி ஒட்டினால் பிடிப்பு பாதியாகிவிடும். மூடி சாத்திய நிலையில் பெட்டியின் உள்ளாழம் குறைந்தது 13 மி.மீ. வேண்டும். இல்லையென்றால் ஈரக் கலர் மூடியில் ஒட்டிக்கொண்டு வரும்.

மூடியின் உள்பக்கம்தான் கலர் கலக்கும் தட்டு. 400-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, வெள்ளை எனாமல் ஸ்பிரேயை மெல்லிசாக மூன்று முறை அடியுங்கள். ஒரே முறையில் கெட்டியாக அடித்தால் வழிந்து திட்டுத் திட்டாகக் காயும். அடித்து முடித்து ஒரு வாரம் தண்ணீர் படாமல் விடுங்கள். புது எனாமலில் கலர் பரவாமல் தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக உருளும். பற்பசையைத் துளி தொட்டு விரலால் லேசாகத் தேய்த்துக் கழுவினால் அந்த வழவழப்பு போய்க் கலர் தட்டையாக நிற்கும்.

பெப்பர்மின்ட் டப்பாவிலும் செய்யலாம். சட்டைப்பையில் அடங்கும். ஆனால் மூடி உள்ளங்கையளவுதான், ஒரு வானத்துக்கு வேண்டிய கலரை அதில் கலக்க முடியாது.

பான்களை நிரப்புவது

ஒரு ஹாஃப் பானில் ஏறத்தாழ 2 மி.லி. பிடிக்கும். 5 மி.லி. டியூப் ஒன்றில் இரண்டு பான் நிரப்பி மிச்சமும் இருக்கும். ஒரேயடியாக நிரப்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு பிதுக்கி, பல்குத்தும் குச்சியால் மூலைகளில் கிண்டிக் காற்றுக்குமிழியை வெளியேற்றி, நிழலில் ஒன்றிரண்டு நாள் காயவிட்டு அடுத்த பங்கு. கலரில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது அது சுருங்கும். கெட்டியாக நிரப்பியதில் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே இருப்பது பிறகு சுருங்கி, வயல் வெடிப்பது போல வெடித்துக் கட்டியாக உதிரும். வெயிலில் வைத்தாலும் இதேதான். வெடிக்கும் என்று தெரிந்த கலருக்கு (அல்ட்ராமரீன் அடிக்கடி அப்படிச் செய்யும்) கடைசிப் பங்கில் குச்சி நுனியளவு கிளிசரின் கலக்கலாம். அதற்கு மேல் போனால் கடைசிவரை பிசுபிசுக்கும்.

பான் கிடைக்காவிட்டால் பெரிய கேப்ஸ்யூல் மாத்திரை அட்டையின் குழிகளை வெட்டிப் பயன்படுத்துங்கள்.

பிராண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. செனலியே, எம். கிரஹாம் போன்ற கம்பெனிகள் கலரில் தேன் சேர்க்கின்றன. தேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். குளிர்ந்த, வறண்ட ஊர்களில் அது வரம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி கடற்கரை ஊர்களில் எம். கிரஹாம் பான் மாதக்கணக்கில் காயாமல் இருக்கும். பெட்டியைச் செங்குத்தாகப் பையில் போட்டால் ஒரு கலர் பக்கத்துக் கலருக்குள் வழியும். நம் ஊருக்கு தேனில்லாத சாதா டியூபே போதும்.

ஏழு நிறம், ஒன்பது பான்

டியூபின் முதுகில், உள்ளே இருக்கும் நிறமி எது என்று சொல்லும் குறியீடு (PY 154 மாதிரி) இருக்கும். பெயரைவிட அதை நம்புங்கள். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், குறியீடு மாறாது.

மஞ்சள் (பிஒய் 154), மஞ்சள் காவி என்கிற யெல்லோ ஓக்கர் (பிஒய் 42 அல்லது 43), சிவப்பு (பிஆர் 254), குவினாக்ரிடோன் ரோஸ் (பிவி 19), பேர்ன்ட் சியென்னா (பிபிஆர் 7 அல்லது பிஆர் 101), அல்ட்ராமரீன் நீலம் (பிபி 29), தாலோ நீலம் (பிபி 15:3). இதில் அல்ட்ராமரீனையும் பேர்ன்ட் சியென்னாவையும் இரண்டிரண்டு பானாக வையுங்கள். கோபுர நிழல், கருங்கல் தூண், தார் ரோடு, மழை மேகம் எல்லாம் இந்த இரண்டின் கலவைதான், அதனால் முதலில் தீருவதும் இவையே. நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியென்னா கூடினால் வெது வெதுப்பான சாம்பல். கறுப்பு டியூப் தேவையே இல்லை.

கோயில் மதிலின் காவிப் பட்டைக்கு சியென்னாவோடு துளி சிவப்பு. அந்தச் செங்காவியே இரும்பு ஆக்சைடுதான், பிஆர் 101-ம் அதே வகை. நாற்றங்கால் பச்சைக்கு மஞ்சளில் தாலோ நீலத்தை ஊசிமுனை அளவு. தாலோ ராட்சசன், ஒரு தொடுதல் அதிகமானால் மொத்தக் கலவையையும் விழுங்கிவிடும். மாமரத்துக் கரும்பச்சைக்கு அதே கலவையில் சியென்னா. காய்ந்த தென்னை ஓலைக்கு யெல்லோ ஓக்கரும் அல்ட்ராமரீனும். காகிதப்பூவின் பளீர் இளஞ்சிவப்பு மட்டும் இதில் முழுசாக வராது, ரோஸ் கிட்டத்தில் கொண்டுவந்து விடும். அதற்காக ஓபரா பிங்க் வாங்குகிறவர்கள் உண்டு. அதிலிருக்கும் ஒளிரும் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும். மூடி வைக்கும் ஸ்கெட்ச் புக் என்றால் கவலையில்லை, சுவரில் மாட்டினால் ஏமாறுவீர்கள். அலிசரின் கிரிம்சனும் (பிஆர் 83) அப்படியே.

பணத்தைப் பேப்பரில் போடுங்கள்

கலரில் ஸ்டூடன்ட் தரம் என்கிற மலிவு ரகத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பேப்பரில் முடியாது. சாதாரண ஸ்கெட்ச் புக்கின் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் நனைந்ததும் அப்பளம் போல நெளியும், கலர் பள்ளத்தில் தேங்கும். 300 ஜிஎஸ்எம் வேண்டும், முடிந்தால் நூறு சதவீதம் பருத்தி. மரக்கூழ்த் தாளில் ஈரம் மேலேயே நின்று சீக்கிரம் காயும். சித்திரை வெயிலில் வானத்தின் இடது ஓரத்தில் ஆரம்பித்து வலது ஓரம் போய்ச் சேர்வதற்குள் இடது பக்கம் காய்ந்து கோடு விழுந்துவிடும். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி ஈர பிரஷை வைத்தால் காலிஃபிளவர் மாதிரி ஓரம் பூக்கும். அடுத்த அடுக்கு பூசும்போது அடியில் உள்ள கலரும் கிளம்பி வரும். பருத்தித் தாள் ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு இன்னும் சில நிமிடம் அவகாசம் தரும்.

பருத்தி ஸ்கெட்ச் புக் விலை கூடுதல். முழுத்தாளாக வாங்கி வெட்டுவதுதான் வழி. இம்பீரியல் தாள் 22 × 30 அங்குலம். எட்டாக வெட்டினால் 7.5 × 11, பதினாறாக வெட்டினால் 5.5 × 7.5 அங்குலம். நின்று வரைய இந்தப் பதினாறாம் பங்கே வசதி. இன்னொரு வழி: 5.5 அங்குலப் பட்டைகளாக நான்கு வெட்டி, ஒவ்வொன்றையும் 7.5 அங்குலத்துக்கு ஒரு மடிப்பாக விசிறி போல மடியுங்கள். ஒரு பட்டையில் நான்கு பக்கம். தேர் வீதி மாதிரி நீண்டு போகும் காட்சிக்கு இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திறந்துகொள்ளலாம். மடிப்பதற்கு முன் எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் முனையால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட வேண்டும். நேரடியாக மடித்தால் முதுகில் நார் கிளம்பும், அங்கே கலர் கறுத்து ஊறும்.

பழைய ஸ்டாக் பாதி விலைக்குக் கிடைத்தால் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு நின்றால் நல்ல தாள். மை ஒற்றும் காகிதம் போல உடனே இழுத்துக்கொண்டால் மேலே பூசிய பசை ஈரக்காற்றில் செத்துவிட்டது என்று அர்த்தம். அதில் பூசும் கலர் புள்ளி புள்ளியாக இறங்கும், எதுவும் செய்ய முடியாது. புதிய தாளையும் ஜிப் கவரில், மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

பிரஷும் தண்ணீரும்

நடுத்தர முனை வாட்டர் பிரஷ் ஒன்று, 8-ஆம் நம்பர் ரவுண்டு சிந்தெடிக் பிரஷ் ஒன்று. போதும்.

வாட்டர் பிரஷின் தண்ணீர் அதன் வயிற்றிலேயே இருப்பதால் குவளை வேண்டியதில்லை. குறை என்னவென்றால், பூசிக்கொண்டே போகும்போது தண்ணீர் இறங்கி இறங்கிக் கலர் வெளுத்துக்கொண்டே வரும். பெரிய வானமோ கடலோ அதில் ஒரே சீராக வராது. அதற்குத்தான் 8-ஆம் நம்பர். அந்தப் பிரஷின் கைப்பிடியைப் பெட்டி நீளத்துக்கு அறுத்து, முடிக்குப் பழைய பேனா மூடியைப் போடலாம். மூடியின் நுனியில் சூடான ஊசியால் இரண்டு ஓட்டை கட்டாயம். காற்றுப் போகாவிட்டால் ஈர முடி புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். மூடும்போது ஒரு முடி மடங்கினாலும் அப்படியே காய்ந்து, கூர்முனை போய்விடும்.

வாட்டர் பிரஷுக்குள் வாட்டர்புரூஃப் மையை ஊற்றாதீர்கள். உள்ளே உறைந்தால் பிரஷைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தண்ணீர் கலந்த சாதா பேனா மை ஊற்றலாம், நிழல் பூச அருமையாக இருக்கும்.

8-ஆம் நம்பருக்கு 60 மி.லி. தண்ணீர் ஒரு படத்துக்குக் காணும். அகன்ற வாய் மாத்திரை டப்பாவை பைண்டர் கிளிப்பால் அட்டையின் ஓரத்தில் கவ்வ வையுங்கள். போர்த் தண்ணீர் வேண்டாம், உப்பு காய்ந்து வெள்ளைப் பொருக்கு விடும். குடிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். காலியான கண் சொட்டு மருந்துக் குப்பி ஒன்றைக் கழுவி நிரப்பி வைத்து, பென்சில் கோடு போடத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு பானிலும் ஒரு சொட்டு விட்டுவிடுங்கள். வரைந்து முடிக்கும்போது கலர் வெண்ணெய் பதத்துக்கு வந்திருக்கும். காய்ந்த பானைப் பிரஷால் குடைவதில்தான் முனைகள் தேய்கின்றன.

துடைக்க டிஷ்யூ பேப்பரைவிட பழைய வேட்டித் துண்டு மேல். அதைவிட வசதி, பழைய காட்டன் சாக்ஸின் மேல்பாதியை வெட்டி இடது மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது. கீழே விழாது, காற்றில் பறக்காது.

பேனா

கோடு போட்டுக் கலர் பூசுவதானால் யூனி பின் போன்ற நிறமி மைப் பேனா, 0.3 அல்லது 0.5. ஜெல் பேனாக்கள் சில கரைந்து ஓடும். வீட்டிலேயே ஒரு கோடு போட்டு, இரண்டு நிமிடம் கழித்து ஈர பிரஷால் தேய்த்துச் சோதியுங்கள். இந்தியன் இங்க்கை ஃபவுன்டன் பேனாவில் ஊற்றினால் அதிலுள்ள அரக்கு உறைந்து பேனா போய்விடும்.

எல்லாவற்றையும் தாங்கும் அட்டை

விளம்பரத் தட்டிக்குப் பயன்படும் சன்பேக் ஷீட், 3 மி.மீ. கனம், 18 × 26 செ.மீ. பரீட்சை அட்டை எடை கூட, நனைந்தால் ஊதும். சன்பேக் நனையாது. இடப் பக்கம் பேப்பரை இரண்டு பைண்டர் கிளிப்பால் பிடியுங்கள். வலப் பக்கம் வெல்க்ரோ பட்டை ஒட்டி, அதன் இணையைக் கலர் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். வெல்க்ரோ இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் ஈரக் கலரோடு பெட்டி சுழன்று சட்டையைப் பார்க்கும். அட்டையின் பின்பக்கம் ஒரு அகல எலாஸ்டிக் பட்டை தைத்து, அதற்குள் இடது கையை நுழைத்துக்கொண்டால் விரல்களுக்கு வேலை குறையும்.

நிழலில் நில்லுங்கள். சுகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வெயில் நேரடியாக விழும் தாளில் எல்லா நிறமும் பளிச்சென்று தெரிவதால் கை தானாகவே அடர்த்தியாகப் பூசும். வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இந்தப் பெட்டிக்குத் தனிக் கவனம் வேண்டும். ஈரப் பான்களோடு மூடிப் பையில் இரண்டு நாள் விட்டால் சாம்பல் நிறப் பூஞ்சை பூத்துவிடும். வீடு திரும்பியதும் மூடியைத் துடைத்து, பெட்டியைத் திறந்தபடி இரவு முழுக்க ஃபேனுக்குக் கீழே வையுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் ஈரத் துணியால் மேல்தோலை வழித்தெடுத்து, கிராம்பு எண்ணெயைக் குச்சி நுனியால் தொட்டுத் தடவுங்கள். இரண்டாம் முறையும் அதே பானில் வந்தால் அந்தப் பானைக் காலி செய்து, கழுவி, புதிதாக நிரப்புவது மேல். பக்கத்துப் பான்களுக்குப் பரவ அதற்கு அதிக நாள் ஆகாது.