ஒரு கல்லூரி அணி ஒரே ஆண்டில் தலைகீழாக மாற முடியுமா? 2019-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் (எல்.எஸ்.யூ.) அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அப்படி என்னதான் நடந்தது?

2019 செப்டம்பர் 7 அன்று ஆஸ்டினில் டெக்சஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தின் கடைசி மூன்று நிமிடங்களிலேயே இதற்கு விடை இருக்கிறது. அப்போது அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த நான், லூசியானாவைச் சேர்ந்த அறைத்தோழனின் வற்புறுத்தலால்தான் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தேன்.

எல்.எஸ்.யூ. 37-31 என்று முன்னிலையில் இருந்தது. நான்கு முயற்சிகளுக்குள் குறிப்பிட்ட தூரம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இது மூன்றாவது முயற்சி, இன்னும் 17 யார்டு கடக்க வேண்டும். இத்தகைய நிலையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி நேரத்தைக் கரைத்து, அடுத்த முயற்சியில் உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தடுப்பாட்டக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விடுவதே அந்த அணியின் பல ஆண்டு வழக்கம். தோழன் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டான். டெக்சஸ் வீரர்கள் பாய்ந்து வர, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் ஜோ பர்ரோ பின்வாங்காமல் முன்னால் நகர்ந்து பந்தை எறிந்தார். அதைப் பிடித்த ஜஸ்டின் ஜெஃபர்சன் எல்லைக் கோடு வரை ஓடிவிட்டார். 61 யார்டு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்து ஆறு புள்ளி பெறுவது). ஆட்டம் 45-38 என்று முடிந்தது.

அந்த நேரத்தில் பந்தை எறியச் சொல்லும் துணிச்சல்தான் புதியது. முந்தைய ஆண்டு அலபாமாவிடம் 29-0 என்று தோற்றபோது, அந்த எதிரியிடம் தொடர்ச்சியாக எட்டாவது தோல்வி என்ற அவமானமும் சேர்ந்துகொண்டது. தலைமைப் பயிற்சியாளர் எட் ஆர்ஜரோன், நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் உதவியாளராக இருந்த, அப்போது 29 வயதேயான ஜோ பிரேடியை அழைத்து வந்தார். ஐந்து பேரைப் பந்து பிடிக்க மைதானத்தின் அகலம் முழுவதும் பரப்பிவிட்டால் எதிரணித் தடுப்பும் விரிந்தாக வேண்டும். அதில் எங்கே இடைவெளி விழுகிறது என்பதை, பந்து கைக்கு வருமுன்பே குவாட்டர்பேக் கணித்துவிட வேண்டும். பர்ரோவுக்கு அது கைவந்தது. 2018-இல் 16 டச்டவுன் பாஸ்களும் 57.8 சதவீதத் துல்லியமும் கொண்டிருந்தவர், 2019-இல் 60 டச்டவுன்களையும் 76.3 சதவீதத்தையும் எட்டி சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதையும் வென்றார்.

பிரேடிக்கே எல்லாப் புகழையும் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர், தம்மைவிட எத்தனையோ வயது இளையவரின் யோசனைக்கு இடம் கொடுத்தாரே, அது சாதாரணமா? ஓக்லஹோமாவுடனான தேசிய அரையிறுதி நாளன்று காலையில் அவருடைய மருமகள் விமான விபத்தில் இறந்தார். அந்தத் துயரத்தோடு அவர் வந்து பணியாற்றிய அன்று, பர்ரோ முதல் பாதியிலேயே ஏழு டச்டவுன் பாஸ்களை எறிந்தார்; முடிவு 63-28. (அந்தப் பாதியில் ஒரு கட்டத்துக்கு மேல் நாங்கள் எண்ணுவதையே நிறுத்திவிட்டோம்.)

அதற்கு முன்பே நவம்பரில் அலபாமாவை அதன் சொந்த மைதானத்தில் 46-41 என்று வென்று பழைய கணக்கைத் தீர்த்திருந்தார்கள். 2020 ஜனவரி 13 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த தேசிய இறுதிப்போட்டியில், 29 ஆட்டங்களாகத் தோற்காதிருந்த கிளெம்சனிடம் 17-7 என்று பின்தங்கியபோதும் பதற்றம் தெரியவில்லை; 42-25 என்று வென்று, 15 ஆட்டங்களில் ஒன்றும் தோற்காமல் பருவத்தை முடித்தார்கள்.

அடுத்த பருவம் 5 வெற்றி, 5 தோல்வி. பிரேடி தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். பர்ரோவும் ஜெஃபர்சனும் உட்பட 14 வீரர்கள் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில் எடுக்கப்பட்டார்கள். பருவத்தின் முதல் ஆட்டத்தில், எல்.எஸ்.யூ.வின் சொந்த மைதானத்திலேயே, மிசிசிப்பி ஸ்டேட் குவாட்டர்பேக் 623 யார்டு எறிந்து 44-34 என்று வீழ்த்தினார். தோழன் அன்று கடைசி நிமிடம் வரை காத்திருக்காமல் தொலைக்காட்சியை அணைத்துவிட்டான்.