தோட்டக் கேள்வி-பதில்: தென்னம்பிள்ளைக்கு அப்பா யார்?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மஞ்சள் குட்டைத் தென்னை நிற்கிறது. அந்த வீட்டு அம்மா கொடுத்த நெற்றுகளைப் பின்கட்டில் பாதி புதைத்து வைத்தேன். நாலு முளைத்தன. மூன்றுக்கு மட்டை மஞ்சள். ஒன்றுக்கு மட்டும் பச்சையும் பழுப்புமாக இருக்கிறது, ஆளும் மற்றதைவிடத் தடிமன். என் மருமகன் அது சீக்குப் பிடித்தது, பிடுங்கிப் போடுங்கள் என்கிறார். பிடுங்கலாமா?
– வாசகி, செம்பவாங்

பதில்: பிடுங்காதீர்கள் அம்மா! மருமகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நாலில் வீரியமான பிள்ளை அதுவாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அது கலப்பு, ஹைபிரிட்.

குட்டைத் தென்னை அநேகமாகத் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். பாளையில் ஆண் பூக்கள் கொட்டி முடிவதற்குள்ளேயே பெண் பூக்களும் தயாராகிவிடும். நெட்டை மரம் அப்படியில்லை. ஆண் பூக்கள் மூன்று வாரம் போல மலர்ந்து உதிர்ந்து முடிந்த பிறகே பெண் பூக்கள் பக்குவமாகும், அதனால் அது வேறு மரத்து மகரந்தத்தை எதிர்பார்த்துத்தான் நிற்கும். உங்கள் தெரு மரத்துக் காய்களில் முக்கால்வாசி தாயைப் போலவே வருவது இதனால்தான். ஆனால் தேனீக்கு வேலி ஏது? எங்கிருந்தோ கொண்டுவந்த மகரந்தம் ஒன்றிரண்டு பூவில் ஒட்டிவிடும்.

மட்டையில் மஞ்சள் நிறம் அடங்கிப்போகும் குணம். தாய், தந்தை இருவரும் அதைக் கொடுத்தால்தான் வெளியே தெரியும். பச்சையோ பழுப்போ உள்ள நெட்டை அப்பாவாக வந்தால் மஞ்சள் மறைந்துவிடும். மலேசியாவில் பாகான் டத்தோ பக்கம் தோப்பிலும் நாற்றங்காலிலும் வளர்ந்தவன் நான். அங்கே இதுதான் சல்லடை. மஞ்சள் அல்லது சிவப்புக் குட்டையைத் தாயாக வைத்து, பாளையில் ஆண் பூக்களை உருவி எடுத்துவிட்டு, நெட்டையின் மகரந்தத்தைத் தூவுவார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில காய் கைக்குத் தப்பித் தன் மகரந்தத்திலேயே பிடித்துவிடும். முளை வந்ததும் மஞ்சளையும் ஆரஞ்சையும் கழித்துவிட்டு, பச்சை கலந்த பழுப்பை மட்டும் வைத்துக்கொள்வார்கள். மலேசியாவின் பேர்போன ‘மாத்தாக்’ தென்னை இந்த வழியில் வந்ததுதான்: மலாயாக் குட்டைக்கும் பிலிப்பீன்ஸின் தக்னானன் நெட்டைக்கும் பிறந்தது.

நீங்கள் பார்க்க வேண்டிய இடம் ஓலை இல்லை, காம்பு, அதாவது மட்டை. சத்துக் குறைந்தால் எந்த ஓலையும் மஞ்சளடிக்கும். உங்கள் மருமகன் சீக்கு என்று சந்தேகப்பட்டதில் தப்பில்லை, ஆனால் அவர் சந்தேகப்பட வேண்டியது மற்ற மூன்றையும்தான்! மூன்று நாலு ஓலை விரிந்த பிறகு, நல்ல காலை வெளிச்சத்தில், அடியில் சுற்றியிருக்கும் பன்னாடையை விரலால் ஒதுக்கிவிட்டுக் காம்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே தெரிவதுதான் பிறவி நிறம்.

அப்பா நெட்டைதான் என்று மட்டும் அடித்துச் சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்தில் மணக்கும் பண்டான் இளநீர் மரம் இருந்தால், அதுவும் பச்சைக் குட்டைதானே, அதன் மகரந்தத்திலும் பிள்ளை பச்சையாக வரும். அதைத் தண்டு விட்ட பிறகு கண்டுபிடிக்கலாம். நெட்டைக்கு அடிமரம் பானை வைத்ததுபோல் பருத்திருக்கும். குட்டைக்கு அடியிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய ஒரே கனம். நெட்டை கலந்ததற்கு இரண்டுக்கும் நடுவாந்தரமாக இருக்கும்.

ஒரு வயதுக்குள் கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டரைத் தாண்டி, ஆறு ஓலையும் விட்டு, ஓலை சீக்கிரமே கீற்றாகப் பிரிய ஆரம்பித்தால் தைரியமாக நடுங்கள். தோப்பில் மரத்துக்கு மரம் 7.5 மீட்டர் விடுவோம். தரைவீட்டுப் பின்கட்டில் அப்படிப் பார்த்தால் ஒன்றுக்குத்தான் இடமிருக்கும். பக்கத்து வீட்டுக் கார் நிற்கும் மூலை மட்டும் வேண்டாம், தேங்காய் ஒருநாள் விழத்தான் செய்யும். குட்டை மூன்று நாலு வருடத்தில் பாளை விடும். நெட்டை கலந்தது என்றால் ஒரு வருடம் கூடக் காத்திருங்கள்.

அப்புறம், அது காய்த்ததும் நெற்றை உறவுக்காரர்களுக்கெல்லாம் விதைக்கக் கொடுத்துவிடாதீர்கள். கலப்பு மரத்துக் காயை விதைத்தால் குணங்கள் சிதறிப்போகும். ஒன்று குட்டையாக வரும், ஒன்று நெட்டையாக வரும், காய்ப்பும் ஆளுக்கொரு மாதிரி. இளநீராகக் கொடுங்கள், சந்தோஷமாகக் குடிப்பார்கள்.

கேள்வி: நான் வாங்கி வைத்த பண்டான் தென்னை காய்க்கிறது. சில இளநீர் மணக்கிறது, சிலவற்றில் வாசனையே இல்லை. கன்று விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், சிராங்கூன் கார்டன்ஸ்

பதில்: அவசரப்பட்டுத் திட்டாதீர்கள் ஐயா. முதலில் எண்ணிப் பாருங்கள்.

அந்த வாசனைக்குக் காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற பொருள். பாஸ்மதி அரிசியில் மணப்பதும் பண்டான் இலையில் மணப்பதும் அதுவே. இந்த மணமும் அடங்கிப்போகும் குணம்தான். தேங்காய்த் தண்ணீரும் பருப்பும் தாய் மரம் மட்டும் செய்வதில்லை, மகரந்தம் கொடுத்த மரத்துக்கும் அதில் பங்குண்டு. வாசனை இல்லாத மரத்து மகரந்தம் விழுந்த காயில் மணம் வராது. மணத் தென்னை வளர்ப்பவர்கள் மற்ற தென்னையைப் பக்கத்தில் அண்டவிடாதது இதற்காகத்தான்.

உங்கள் குலையில் பெரும்பாலான காய் மணந்து, ஒன்றிரண்டு மட்டும் மணக்காவிட்டால் மரம் சுத்தமானது. அக்கம்பக்கத்து மகரந்தம் வந்து போகிறது. நாலில் ஒன்று மட்டும், அல்லது அதற்கும் குறைவாக மணந்தால் கன்றே கலப்பாக இருக்கலாம். அப்போது விற்றவரைப் போய்க் கேளுங்கள். ஆனால் அவரும் கன்றை மோந்து பார்த்தா வாங்கியிருப்பார்?

கேள்வி: ஹைபிரிட் தென்னையை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் தொட்டியில் வளர்க்கலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: முளைவிட்ட தேங்காயாக ஒன்றிரண்டு வருடம் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், நல்ல வெயில் படும் இடமாக இருந்தால். காய்க்கும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். குட்டை என்பது பேருக்குத்தான், அதன் ஓலையே உங்கள் கதவையும் மறைத்து எதிர்வீட்டுக் கதவையும் தட்டும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் தேங்கும் தண்ணீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள், ஏடிஸ் கொசு தட்டைத் தேடித்தான் வரும்.