வாசகர் கேள்விகள்: நடக்காத குற்றத்துக்கு விசாரணையா?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரே மாதத்தில் இரண்டு செயின் பறிப்பு. யார் செய்வார்கள் என்று ஊருக்கே தெரியும், போலீஸுக்கும் தெரியும். கேட்டால் 'நடந்தால் புகார் கொடுங்கள்' என்கிறார்கள். சந்தேகப்படுகிறவர்களை முன்கூட்டியே கூட்டிப்போய் விசாரித்தால் என்ன குறைந்துவிடும்?
– ஒரு வாசகி, தேனி

பதில்: கழுத்தில் கிடப்பதை முந்தானையால் மூடிக்கொண்டு கடைக்குப் போகிற உங்களிடம் சட்டம் பேச எனக்கே தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் போலீஸ்காரர் சொன்ன பதில் தப்பு. பெரிய குற்றம் ஒன்று நடக்கப்போகிறது என்று தெரிந்தால் குறுக்கே போய்த் தடுப்பது போலீஸின் கடமை என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 149-ஆம் பிரிவே சொன்னது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. கூட்டுக் கொள்ளைக்கு ஆயத்தம் செய்வதே தனிக் குற்றம், கொள்ளை நடந்து முடிகிறவரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. திட்டம் இருக்கிறது, அதற்கு ஒரு தடயமும் இருக்கிறது என்றால் விசாரித்தே ஆகவேண்டும்.

எனக்குப் பயம் தருவது 'யார் செய்வார்கள் என்று ஊருக்கே தெரியும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். தேனியில் இருக்கிறீர்கள், உசிலம்பட்டி உங்களுக்குப் பக்கம். அங்கே வயதானவர் யாரிடமாவது 'ரேகைச் சட்டம்' என்று சொல்லிப் பாருங்கள். 1871-இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது, அப்புறம் சில வருடங்களில் பிரமலைக் கள்ளர்களையும் அதில் சேர்த்தார்கள். ஒருவர் திருடினாரா என்ற கேள்வியே கிடையாது, பிறந்த சாதி போதும், கைரேகை வைக்க வேண்டும், வெளியூர் போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும், ராத்திரியானால் போலீஸ் பார்வையில் படுக்க வேண்டும். கல்யாணமான அன்று ராத்திரிகூட மாப்பிள்ளை பாயைச் சுருட்டிக்கொண்டு போனார் என்று அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் இன்றும் சொல்வார்கள். அவருக்காக வாசலில் காத்திருந்த பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று திரண்டவர்களைச் சுட்டார்கள். 16 பேர் செத்தார்கள், அதில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். இங்கே அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆகிவிட்டது. அதைக் கொண்டுவந்தவர்களும் 'யார் செய்வார்கள் என்று தெரியும்' என்றுதான் சொன்னார்கள்.

சாதிப் பட்டியல் போன பிறகு தனி ஆள் பட்டியல் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் சிக்கி, ஆதாரம் இல்லாமல் விடுதலையானார். ஆனாலும் அவர் பெயரில் போலீஸ் ஒரு பதிவேடு திறந்துவிட்டது. நடு ராத்திரியில் வந்து கதவைத் தட்டுவார்கள், எழுப்பி ஆள் உள்ளே இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். உச்ச நீதிமன்றம் 1962-இல் அந்த ராத்திரி வருகை செல்லாது என்று சொன்னது, மற்ற கண்காணிப்பைத் தொடரவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு வர 2017 வரை ஆனது.

அதனால், அம்மா, நீங்கள் கேட்க வேண்டியது ரோந்து. பைக்கின் நிறம், நம்பரில் இரண்டு எழுத்தாவது, எந்த நேரம், எந்த முனை என்று எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். செயினைப் பறிகொடுத்த அந்த இரண்டு பேரின் புகாருக்கும் எஃப்ஐஆரே போட வேண்டும்.

கேள்வி: வேலை முடிந்து நடந்து வந்த என் மகனை ரோந்து போலீஸ் நிறுத்தி செல்போனில் முகத்தைப் படம் பிடித்தார்களாம். தப்பு செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும் என்கிறார் என் கணவர். சரிதானா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: சரியில்லை. தமிழ்நாடு போலீஸ் 2021-இலிருந்து முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்துகிறது. தேடப்படுகிறவரைக் கண்டுபிடிக்க அது உதவலாம், ஆனால் உங்கள் மகனை யாரும் தேடவில்லையே. 2022-இல் வந்த அடையாளச் சட்டம் கைதானவர், தண்டனை பெற்றவர், தடுப்புக் காவலில் இருப்பவர் போன்றோரின் ரேகை, கருவிழி, படம் எல்லாம் எடுத்து 75 வருடம் வைத்திருக்கலாம் என்கிறது. வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போகிறவர் இதில் எந்த வகை? இந்த 2022 சட்டம் நீக்கிய பழைய சட்டத்தின் வருடமும், பெருங்காமநல்லூரைப் போலவே, 1920 என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் மகன் மரியாதையாக ஒன்று கேட்கலாம்: ஐயா, எந்தச் சட்டத்தில் எடுக்கிறீர்கள், இந்தப் படம் எங்கே போகும்? தேதியும் இடமும் குறித்துவைத்து ஆணையர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். உங்கள் கணவரிடம் கரக் சிங் கதையைச் சொல்லுங்கள், அவரும் தப்பு செய்ததாக நிரூபிக்கப்படாதவர்தான்.

கேள்வி: குண்டர் சட்டம் இல்லாவிட்டால் ரவுடிகளை எப்படி அடக்குவது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வழக்கை ஒழுங்காக நடத்தித் தண்டனை வாங்கித் தந்து. 1982-இல் வந்த அந்தச் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் 12 மாதம் உள்ளே வைக்கலாம், அந்தக் காவல் சரியா என்று பார்க்கும் ஆலோசனைக் குழுவின் முன்னால் வக்கீல் வைத்துப் பேசும் உரிமைகூடக் கிடையாது. சாராயம், போதை என்று தொடங்கியது 2004-இல் திருட்டு விசிடி வரைக்கும் நீண்டது. உள்ளே போனவரின் வீட்டில் ஹேபியஸ் கார்பஸ் என்ற ஆட்கொணர்வு மனுவுக்காக நகையை அடகு வைத்துவிட்டு உயர் நீதிமன்ற வராந்தாவில் நிற்கிறார்கள். கடைசியில் உத்தரவு ரத்தாகி அவர் வெளியே வந்தாலும், உள்ளே இருந்த மாதங்களுக்கு யாரும் பதில் சொல்வதில்லை.